ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவே

எங்கள் பழமண்டியின் நடுத்தூணில் ஒரு முழ நீளத்துக்குத் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பி. ஏலத்தில் மூன்றாம் தரம் சொன்னதும் கம்பியால் அதில் ஓர் அடி. அந்தச் சத்தம் விழுந்துவிட்டால் சரக்கு கடைசியாகக் கேட்டவருடையது. அதற்குப் பிறகு கடவுளே நேரில் வந்து கேட்டாலும், "நாளைக்கு வாங்க சாமி" என்றுதான் பதில்.

அடிக்கிறவர் பெயர் மூணுதரம். பெற்றவர்கள் வேறு பெயர் வைத்திருந்தார்கள், அது லைசென்சு அட்டையில் இருந்தது. அந்த அட்டையைத் தேட வேண்டிய நாளில்தான் அவருக்கே அது ஞாபகம் வரும். இருபத்திரண்டு வருஷமாக விடியுமுன் நாலேகாலுக்குக் கவிழ்த்த மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று, காலை எட்டரை வரைக்கும் தொண்டையைக் கழற்றி வைக்காமல் கத்துகிறவர். பத்தடி தள்ளி மூன்றாம் கடையில் தரகு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, அந்தக் குரல் நின்றால்தான் காது வலிக்கும்.

வெளியாள் எவராவது எங்கள் ஏலத்தைப் பார்த்தால், ஒரே ஒருத்தர் தனக்குத்தானே சண்டை போட்டுக்கொள்கிறார் என்று நினைப்பார். வாங்குகிறவர்கள் வாயைத் திறப்பதே இல்லை. ஜூஸ் கம்பெனிக்காரர் கண்ணாடியைத் தொட்டால் ஒரு கேள்வி, அதாவது விலை ஒரு படி ஏறும். ஓட்டல் அம்மாள் புருவத்தைத் தூக்கினால் ஒரு கேள்வி. சில்லறைக் கடைக்காரர்கள் தாடையை அசைப்பார்கள், மீசையை நீவுவார்கள். ஒரு நாள் தும்மித் தொலைத்த ஒருத்தர் தலையில் நாற்பது பெட்டி திராட்சை விழுந்தது. மனுஷன் மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். மண்டியில் உடம்பு சொன்னதுதான் வார்த்தை.

யாரும் அசையவில்லை என்றால்? ஒரு மூச்சு நேரம் பார்ப்பார் மூணுதரம். அவ்வளவுதான், விலையை இறக்கிவிடுவார். அப்போதும் அசைவில்லையா, இன்னும் ஒரு படி. பழம் காத்திருக்காது, வெயில் ஏறினால் அழுகும். அவர் அதை யோசித்துச் செய்வதில்லை. நமக்குத் தூசி பட்டால் இமை மூடுகிறதே, அந்த மாதிரி.

கல்யாண விஷயத்திலும் இதே கூத்துதான் நடந்தது. தண்ணீர் மீட்டரைக் குறித்துக்கொண்டு போக நகரசபையிலிருந்து ஒரு பெண் மாதா மாதம் மண்டிக்கு வருவாள். ஒரு நாள் துணிந்து, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் பதில் பேசவில்லை. ஒரு மூச்சு. "சரி, ஞாயித்துக்கிழமை சினிமாவுக்காவது போலாமா?" பேச்சில்லை. "ஒரு டீயாவது குடிக்கலாமா?" அப்போதுதான் அவள் வலது காதைத் தொட்டாள். ஆறு மாதம் மீட்டர் பார்க்க வந்தவளுக்கு மண்டிப் பாஷை தெரியாமல் போகுமா? இவர் டீயிலிருந்து மறுபடி ஒவ்வொரு படியாக ஏறி, மூன்றே மாதத்தில் பழைய விலைக்கு வந்து சேர்ந்தார். "கொஞ்சம் பொறுத்திருந்தா முதல்லயே தலையாட்டியிருப்பேன். அவசரக் குடுக்கை" என்று அக்கா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

அக்கா என்று நான் சொல்வது அந்த மீட்டர்ப் பெண்ணைத்தான். மண்டி முழுக்க அவருக்குத் தண்ணியக்கா என்று பெயர். மீட்டர் வேலை போய் இப்போது நகரசபைக் குடிநீர்ப் புகார்த் தொலைபேசியில் உட்கார்ந்திருக்கிறார். குழாயில் காற்று வருகிறது என்று கொதிக்கிற முந்நூறு பேரிடம் ஒரு நாளைக்குப் பேசி, அத்தனை பேரையும் நன்றி சொல்ல வைத்து ஃபோனை வைக்கச் செய்கிற கைகாரி. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வீடு, மண்டியின் பின்சுவரோடு ஒட்டின இரண்டு அறை. மண்டியைச் சேர்ந்த குடியிருப்பு. சுவரில் காதை வைத்தால் எலி ஆரஞ்சுப்பழம் தின்கிற சத்தம்கூடக் கேட்கும்.

இப்படி இருக்கையில்தான் தூணில் நகரசபை நோட்டீஸ் ஒட்டினார்கள். மண்டியை ஊருக்கு வெளியே பன்னிரண்டு கிலோமீட்டரில் வட்டச்சாலைக்கு மாற்றப்போகிறார்கள். அங்கே கண்ணாடிக் கட்டடம். ஏலம் மின்பலகையில் நடக்கும், வாங்குகிறவர் பொத்தானை அழுத்தினால் போதும், கத்துகிறவர் தேவையில்லை. ஆட்சேபணை இருந்தால் அடுத்த வியாழக்கிழமை கூட்டத்தில் லைசென்சு வைத்திருக்கும் ஒரே ஒருவர், ஐந்தே நிமிஷம் பேசலாம்.

நோட்டீஸைப் படித்துவிட்டு மூணுதரம் தண்டவாளத் துண்டைத் தடவிப் பார்த்தார். வேலையும் வீடும் ஒரே தாளில் போகிறது என்றால் மனுஷன் வேறு எதைத் தடவுவார்?

சங்கத்துக் கூட்டம் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தபடியே நடந்தது. யார் பேசுவது என்றதும் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"நானா?" என்றார் மூணுதரம். "அட, தினம் முன்னூறு பேர் முன்னாடி கத்துறவன். அங்க பதினோரு பேருதானே? போற வழியில பேசிட்டு வந்துடறேன்."

சுமைத்தலைவர், அதாவது மூட்டை தூக்குகிறவர்களின் மேஸ்திரி, தொடையில் தட்டினார். "அண்ணன் வாயத் தொறந்தா நகரசபைக் கூரை பேத்துக்கும்!"

எல்லோரும் கை தட்டினோம். வெற்றியே கிடைத்துவிட்ட மாதிரி டீ சொன்னோம்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒத்திகை. அக்கா அலுவலகப் பையைக்கூட இறக்காமல் கட்டிலில் உட்கார்ந்தார். கணக்கு வேண்டுமே என்று என் கையில் கடிகாரத்தைக் கொடுத்தார்கள். மூணுதரம் பெட்டி மேல் ஏறினார். மூச்சை இழுத்தார்.

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ரயில் பாலத்தின் மேல் போனால் எப்படி இருக்கும், அப்படி ஏதோ ஒன்று எங்களைக் கடந்து போனது. நடுவில் "வட்டச்சாலை" என்று ஒரு வார்த்தை தெரிந்தது, ஜன்னலில் தெரிகிற முகம் மாதிரி.

"முடிஞ்சுதா?" என்றார் அக்கா.

"முடிஞ்சுது. எப்படி?"

"நாப்பத்தெட்டு செகண்டு" என்றேன் நான்.

"அஞ்சு நிமிஷத்துக்குன்னு எழுதினதாச்சே!"

"ஏங்க, என்ன பேசினீங்க?"

"உனக்குப் புரியலையா?"

"பெருமாளேன்னு இருபது வருஷம் உங்ககூடக் குடும்பம் நடத்தியிருக்கேன். எனக்கே புரியல. அவங்களுக்கு எப்படிங்க புரியும்?"

"மெதுவாப் பேசினா தூங்கிடுவாங்கம்மா."

"தூங்கினா எழுப்பிக்கலாம். நீங்க ஓடிட்டா எங்க போய்ப் பிடிக்கிறது? ஒரு வாக்கியம் சொல்லுங்க. நிறுத்துங்க. அவங்க முழுங்கட்டும். அப்புறம் அடுத்தது. ஃபோன்ல நான் அப்படித்தான் பேசறேன். 'உங்க தெருவுக்குத் தண்ணி வரலைன்னு எனக்குத் தெரியுது.' நிறுத்திடுவேன். அந்தப் பக்கம் மூச்சு வாங்கற சத்தம் கேக்கும். கோபம் பாதி அங்கயே இறங்கிடும்."

"அப்ப நீயே வந்து பேசேன்."

மூணுதரம் சொல்லிவிட்டாரே தவிர, அக்காவால் பேச முடியாது என்று அவருக்கும் தெரியும். நகரசபை ஊழியர் நகரசபைக்கு எதிராக வாயைத் திறந்தால் அன்றோடு வேலை போகும். வீடு போகிற நேரத்தில் அந்த ஒரு சம்பளத்தையும் ஏலத்துக்கு விட முடியுமா? அதோடு, கூட்டத்தில் நேரம் பார்த்து மணியடிக்கிற வேலையை அன்று காலைதான் அக்கா தலையில் கட்டியிருந்தார்கள்.

"மணியடிக்கிறது நீயா? அப்ப கொஞ்சம் லேட்டா அடி" என்றார் மூணுதரம், முகம் மலர்ந்து.

"ஒரு செகண்டு முன்ன பின்ன அடிக்க மாட்டேன். எடையில நீங்க கை வைப்பீங்களா?"

மூணுதரம் பெட்டியிலிருந்து இறங்கினார்.

மறுநாள் அக்காவின் தம்பி வந்து சேர்ந்தான். இன்சூரன்ஸ் விற்கிறவன். எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பான், குளிக்கும்போது மட்டும் கழற்றுவான் என்று கேள்வி. அதனால் அவனுக்கு டை மச்சான் என்றே பெயர். ஆளுமைப் பயிற்சி வகுப்பில் முதல் பரிசு வாங்கியவன்.

"மாமா, முதல் ஏழு செகண்டு. அதுலயே உங்களப் பத்தி முடிவு பண்ணிடுவாங்க" என்றான் உள்ளே நுழையும்போதே.

"என்னன்னு?"

"அது நீங்க நிக்கிற நிலையைப் பொறுத்தது. நெஞ்ச நிமித்துங்க. தாடையத் தூக்குங்க. உள்ளங்கை தெரியற மாதிரி கையை விரிங்க. இப்ப சிரிங்க."

மூணுதரம் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்தார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

"டேய் மச்சான், இப்படி நின்னா திருடன் மாட்டிக்கிட்ட மாதிரி இல்ல?"

"நம்பிக்கை மாமா, நம்பிக்கை! இந்தாங்க, பென்சிலப் பல்லுல கடிச்சுக்கிட்டுப் பேசுங்க. உச்சரிப்பு தெளிவாகும்."

இரண்டு நாளில் ஒன்றரைப் பென்சில் வயிற்றுக்குள் போனது. டை மச்சான் தன் கறுப்புக் கோட்டையும் கொடுத்தான். மாமாவின் தோள் மூட்டை தூக்கி வளர்ந்த தோள், கோட்டு இன்சூரன்ஸ் தோளுக்கு வெட்டினது. முதுகுத் தையல் எந்த நேரமும் வாய் பிளக்கத் தயாராக இருந்தது.

"இன்னொண்ணு மாமா. மண்டியில இருக்கற குறைய மட்டும் வாய விட்டுடாதீங்க. கூரை ஒழுகுது, சாக்கடை அடைக்குது, இதெல்லாம் மூச்சு விடக் கூடாது."

இங்கேதான் மூணுதரத்துக்கு முகம் சுருங்கியது. எங்கள் மண்டியில் பெட்டியைத் திறந்ததும் அடிபட்ட பழத்தை எடுத்து மேலே வைத்துக் காட்டிவிட்டுத்தான் விலை சொல்வார். அடியில் ஒளித்து ஒரு தடவை விற்கலாம். மறுநாள் அதே ஆள் எதிரில் நிற்பான்.

"அது எப்படிடா? பாக்கறவங்களுக்குக் கண்ணு இல்லையா?"

"இது மேடை மாமா, மண்டி இல்ல."

அக்கா தன் பங்குக்கு இரவுச் சாப்பாட்டையே வகுப்பாக்கினார். ரொட்டியும் முட்டைப் பொரியலும் தட்டில் வைத்துவிட்டு, ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினால் ஒரு வாய் என்று சட்டம் போட்டார். நிறுத்தாமல் அடுத்த வாக்கியத்துக்கு ஓடினால் தட்டு நகர்ந்துவிடும். அந்த வாரம் மூணுதரம் இரண்டு கிலோ இளைத்தார்.

"முடியலம்மா. சத்தமில்லாம நின்னா நாக்கு தானா அடுத்த விலைக்குத் தாவுது. எதிர்ல எவனும் அசையலன்னா சரக்கு விக்கலன்னு அர்த்தம். அத எப்படிப் பொறுத்துக்கறது?"

"நான் பொறுத்துக்கலையா, உங்கள?"

புதன்கிழமை பகல், ஏலம் முடிந்து மண்டியைக் கழுவிய பிறகு, கடைசி ஒத்திகை. சுமைக்காரர்கள் ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றபடி ஈரத்தரையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கோட்டோடு பெட்டி மேல் ஏறினார்.

"பெரியோர்களே..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், "அண்ணே, கோட்டு வாடகைக்கா?" என்று ஒருவன் கேட்டான். "ஆமாடா, உன் கல்யாணத்துக்கு எடுத்தது, நீதான் வரல" என்றார் இவர். சிரிப்பு. அங்கே பிடித்துக்கொண்டது பாருங்கள்! அவர்கள் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, நடு நடுவே எழுதி வைத்த விஷயமும் வந்து விழ, நாலு நிமிஷம் ஐம்பது விநாடி. விசில் பறந்தது. சுமைத்தலைவர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார். கோட்டுத் தையல் விட்டது.

"ஜெயிச்சாச்சு மாமா!" என்று டை மச்சான் குதித்தான். நானும்தான் குதித்தேன். அக்கா மட்டும் அங்கே இல்லை, அலுவலகத்தில் இருந்தார். இருந்திருந்தால், எதிரில் இருக்கிறவர்கள் பதிலுக்குப் பதில் கொடுத்ததால்தான் இவர் ஓடினார் என்று அப்போதே கண்டுபிடித்திருப்பார்.

வியாழக்கிழமை நகரசபைக் கூடம். உயரமான கூரை, நீளத் தண்டில் தொங்கும் மின்விசிறிகள், பச்சைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் பதினோரு உறுப்பினர்கள். நடுவில் தலைவியம்மாள். யார் என்ன பேசினாலும் மெல்லத் தலையாட்டிக்கொண்டே கேட்பது அந்த அம்மாளின் வழக்கம். சம்மதம் என்று அதற்குப் பொருள் கிடையாது, விசிறி சுற்றுவது மாதிரி அது ஒரு சுபாவம். பக்கத்துச் சிறு மேசையில் கடிகாரமும் மேசைமணியும் வைத்துக்கொண்டு தண்ணியக்கா. "ஊழியர்கள் கூட்டத்தில் பேசக் கூடாது" என்று அவர் தலைக்கு மேலேயே பலகை தொங்கியது. பின்வரிசையில் மண்டி முழுக்க வந்து நின்றோம். ஜூஸ் கம்பெனிக்காரர், ஓட்டல் அம்மாள்கூட வந்திருந்தார்கள்.

முதலில் வட்டச்சாலைப் பகுதி உறுப்பினர் எழுந்து கலர்ப் படம் காட்டினார். படத்தில் கண்ணாடிக் கட்டடம், புல்வெளி, பலூனோடு ஒரு குழந்தை. பழமண்டிக்குப் பலூன் எதற்கு என்று சுமைத்தலைவர் என் காதில் கேட்டார்.

அடுத்து எங்கள் ஆள். இரவோடிரவாகத் தைத்த கோட்டோடு போய் நின்றார். நெஞ்சு நிமிர்ந்தது. தாடை உயர்ந்தது. உள்ளங்கை விரிந்தது. சிரித்தார். அக்கா கடிகாரத்தை அழுத்தினார்.

"மாண்புமிகு தலைவி அவர்களே, உறுப்பினர்களே. எங்க மண்டி இப்ப இருக்கற இடத்துலயே எப்பவும் இருக்கணும்னு கேட்டுக்கறேன்."

தெளிவாகச் சொன்னார். சொல்லி, நிறுத்தினார். டை மச்சான் முஷ்டியை மடக்கினான்.

கூடத்தில் ஒரு சத்தமில்லை. உறுப்பினர்கள் மேசையைப் பார்த்தார்கள். ஒருவர் பேனா மூடியைத் திருகினார். தலைவியம்மாள்கூட அந்த நேரம் பார்த்துத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பதினோரு முகம், ஓர் அசைவு கிடையாது.

ஒரு மூச்சு.

"சரி" என்றார் மூணுதரம். "முப்பது வருஷம்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"இருபத்தஞ்சு. இருபது வருஷம் மட்டும் விடுங்க. பதினஞ்சு?"

"ஐயோ, இறக்குறாரு!" என்று சுமைத்தலைவர் தலையில் கை வைத்தார். "அண்ணே, சும்மா இருங்கண்ணே!" காவலர் அவரை முறைத்தார்.

அங்கே மூணுதரத்தின் கண் வேறு எங்கோ போய்விட்டது. அழுகப்போகிற பெட்டியைக் கையில் வைத்திருக்கிற கண். நெற்றி வேர்வை கோட்டுக் காலரில் சொட்டியது. "பத்து. பத்து வருஷம். எட்டு? ஆறு வருஷம், அய்யா, ஆறு..."

உறுப்பினர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாங்கள் ஒரு வார்த்தையும் பேசாமலே எதிராளி முப்பதிலிருந்து ஆறுக்கு வந்துவிட்டான். எந்த வியாபாரியாக இருந்தாலும் அந்த நேரத்தில் என்ன செய்வான்? இன்னும் கொஞ்சம் பேசாமல் இருப்பான். அதையேதான் அவர்களும் செய்தார்கள். வட்டச்சாலை உறுப்பினர் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"அஞ்சு" என்றார் மூணுதரம். குரலே எழும்பவில்லை. "அஞ்சு வருஷம்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் இறுக மூடியிருந்தது. தலைக்கு மேலே பலகை. மெல்ல வலது கையைத் தூக்கினார். காதைத் தொட்டார்.

காதைத் தொடக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

மூணுதரத்தின் தலை வெட்டித் திரும்பியது. "ஆறு!" என்றார். குரல் பழைய குரல். "ஆறு வருஷம் கேள்வி இருக்கு!"

சுமைத்தலைவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தாடையை உயர்த்தினார். "ஏழு!" கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார் மூணுதரம். தோள் வெளியே வந்தது. "ஏழு வருஷம்! சரக்கப் பாருங்க முதல்ல. கெட்டதச் சொல்லிடறேன். கூரை நாலு இடத்துல ஒழுகுது. வடக்குச் சாக்கடை மழைக்கு அடைச்சுக்கும். அத நாங்களே சரிபண்ணிக்கறோம், எழுதிக்கொடுத்துடறோம். இப்ப நல்லதப் பாருங்க. விடியறதுக்கு முன்ன முதல் பஸ்ஸுல, மடியில ரெண்டு கூடைய வச்சுக்கிட்டு வந்து இறங்கறவங்க இருநூறு பேரு. லாரி கிடையாது, தோட்டம்னு சொல்ல நாலு மரம். பஸ் நிக்கிற இடத்துலேருந்து எங்க தூணு நாப்பது அடி. வட்டச்சாலைக்கு அந்த நேரத்துல பஸ் இருக்கா?"

தலைவியம்மாள் வழக்கம்போலத் தலையாட்டினார்.

"எட்டு! அம்மா எட்டு கேட்டிருக்காங்க!"

தலைவியம்மாள் தலையாட்டுவதைப் பாதியில் நிறுத்தினார். கூடம் குலுங்கிச் சிரித்தது.

ஜூஸ் கம்பெனிக்காரர் கண்ணாடியைத் தொட்டார். "ஒன்பது! கம்பெனிக்காரரே வந்துட்டாரு! பெரிய லாரி வச்சிருக்கறவரு, வட்டச்சாலைக்குப் போறது அவருக்குச் சுளுவு. அவரே இங்க கேக்கறாருன்னா ஏன்? பழத்த அழுத்திப் பாத்து வாங்கறவரு. பொத்தான அழுத்தினா பழம் பழுத்திருக்கான்னு தெரியுமா?"

வட்டச்சாலை உறுப்பினர் முகம் சிவக்க எழுந்தார். "ஆட்சேபணை!" என்று கையைத் தூக்கினார்.

"பத்து! ஐயா, ரொம்ப நன்றி!"

கூரை பேத்துக்கொள்ளும் என்று சுமைத்தலைவர் சொன்னது அப்போது நடந்தது. உறுப்பினர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கப் பேனாவைக் கடித்தார். கை தூக்கியவர் தூக்கின கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். ஓட்டல் அம்மாள் புருவத்தைத் தூக்க, "பதினொண்ணு!" நான் வேறு என் பங்குக்கு மூக்கைச் சொறிந்தேன். அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. தரகன் கேள்வி மண்டியிலேயே செல்லாது.

அவர் கண் பக்கத்து மேசைக்குப் போயிருந்தது. அக்காவின் ஒரு கை மணியின் மேல். இன்னொரு கை காதில்.

"பன்னெண்டு" என்றார். இந்தத் தடவை கத்தவில்லை. "பன்னெண்டு வருஷம். அதுக்குள்ள கூரையும் சாக்கடையும் நாங்க சரி பண்ணலைன்னா, வட்டச்சாலைக்கு எங்க தலையிலயே தூக்கிட்டுப் போறோம்."

வலது கையை உயர்த்தினார். அதில் கம்பி இல்லை, ஆனால் எங்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

"பன்னெண்டு வருஷம், ஒரு தரம்."

விசிறிச் சத்தம்.

"பன்னெண்டு வருஷம், ரெண்டு தரம்."

நிறுத்தினார்.

இந்த மனுஷனுக்கா நிறுத்தத் தெரியாது? இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு பெட்டிக்கும் இதே இடத்தில் நிறுத்தியிருக்கிறாரே! ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவே, வாங்குகிறவன் நெஞ்சு ஒரு தடவை அடித்துக்கொள்ள அவர் விடுகிற இடம். வாரம் முழுக்கத் தட்டை நகர்த்தி நகர்த்தி அக்கா தேடினது அவர் தொண்டையிலேயே இருந்திருக்கிறது. பதினோரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒவ்வொருவரும் அவரைப் பார்த்தார்கள். ஒரு பேனாகூட அசையவில்லை. இந்தத் தடவை அது வேறு அமைதி. கூடம் முழுக்க மூன்றாவது தரத்துக்காக முன்னால் சாய்ந்திருந்தது.

டிங்.

அக்காவின் மணி. ஐந்து நிமிஷம் முடிந்தது. இனி பேசக் கூடாது. மூணுதரம் உயர்த்தின கையை இறக்கி, கோட்டை எடுத்துக்கொண்டு, வணங்கிவிட்டு, பேசாமல் வந்து நின்றார்.

தலைவியம்மாள் கையிலிருந்த தாளை மேசையில் வைத்தார். அப்புறம், "பத்து வருஷமா இந்த நாற்காலியில தலையாட்டிக்கிட்டு இருக்கேன். இன்னிக்குத்தான் அதுக்கு ஒருத்தர் மதிப்புக் கொடுத்திருக்கார்" என்றார். "மூணாவது தரத்த ஓட்டுல சொல்லிடலாமா?"

ஏழுக்கு நாலு. மண்டி பன்னிரண்டு வருஷம் இருந்த இடத்திலேயே. கூரையும் சாக்கடையும் எங்கள் பொறுப்பு.

திரும்பி வரும்போது தெருவை அடைத்துக்கொண்டு வந்தோம். சுமைத்தலைவர் மறுபடி தூக்கினார், இந்தத் தடவை கிழிய ஒன்றுமில்லை. டை மச்சானுக்கு மட்டும் ஒரு குறை.

"அவசரப்பட்டு இறக்காம இருந்திருந்தா எப்பவுமே இருக்கட்டும்னு வாங்கியிருக்கலாமே மாமா?"

"எப்பவும்னு கேட்டா 'பரிசீலிக்கிறோம்'னு சொல்லி அனுப்புவாங்கடா. ஒரு நம்பரச் சொன்னாத்தான் சரக்கு நகரும்" என்றார் மூணுதரம், இதெல்லாம் முன்கூட்டியே போட்ட திட்டம் மாதிரி. நாங்கள் யாரும் மறுக்கவில்லை. ஜெயித்த ஆளுக்கு அவ்வளவு சலுகையாவது வேண்டாமா?

அக்கா வேலை முடிந்து வந்தபோது வெயில் மண்டியின் மேற்கு வாசல் வழியாக நீளமாக உள்ளே வந்து படுத்திருந்தது. நாங்கள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். பையைத் தோளிலிருந்து இறக்காமலே புருஷன் எதிரில் வந்து நின்றார்.

"பதினோரு செகண்டு" என்றார்.

"என்னது?"

"ரெண்டு தரம் சொல்லிட்டு நின்னீங்களே. கடிகாரம் என் கையிலதானே இருந்துச்சு. பதினோரு செகண்டு வாயத் தொறக்கல நீங்க. மணி அடிக்க எனக்கு மனசே வரல."

"அடிச்சிட்டியே?"

"ஒரு செகண்டு முன்ன பின்ன இல்ல."

"அது இருக்கட்டும். கடைசிக் கேள்வி உன்னோடது. பன்னெண்டு வருஷமும் உன் பேர்ல விழுந்திருக்கு. மண்டிச் சட்டப்படி திருப்ப முடியாது."

"யாரு திருப்பறாங்க?"

மூணுதரம் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து தூணருகே போனார். எங்கள் அத்தனை பேர் முன்னாலும், கொஞ்சங்கூட வெட்கமில்லாமல், "ஞாயித்துக்கிழமை சினிமாவுக்குப் போலாமா?" என்று கேட்டார்.

அக்கா பதில் சொல்லவில்லை. நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போச்சு, இப்போது டீக்கு இறங்குவார் என்று நான் நினைத்தேன். சுமைத்தலைவர் பல்லைக் கடித்தார். டை மச்சான் கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு மூச்சு ஆயிற்று, இரண்டு ஆயிற்று. மூணுதரம் வாயை மூடிக்கொண்டு நின்றார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது, துடைக்கவில்லை. ஒரு படிகூட இறங்கவில்லை.

டை மச்சான் "பன்னெண்டு" என்று எண்ணி முடித்தபோது, அக்கா சிரித்துக்கொண்டே கையை மெல்ல உயர்த்தி வலது காதைத் தொட்டார்.

மூணுதரம் இரும்புக் கம்பியை எடுத்துத் தண்டவாளத்தில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.